கூடாத மீன்கள்

இரண்டு மீன்கள் ஒன்றோடொன்று கூடுவதில்லை என்பதை நிரூபிப்பதற்காகவே ஏற்பட்ட நிறுவனம் அது. நிரூபித்து முப்பத்தொரு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் நிரூபித்த விஷயம் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்ற கவலையில் நூற்றுப் பதினான்கு பேர் தினமும் காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மீனுக்குச் செவ்வரி என்று பெயர், இன்னொன்றுக்குக் கருவரி. இரண்டும் நடுவிரல் நீளம், வெள்ளி நிறம். செவுளில் தொடங்கி வால்வரைக்கும் விலாவில் ஒரு கோடு ஓடும். அது சிவப்பாக இருந்தால் செவ்வரி, கறுப்பாக இருந்தால் கருவரி. கோட்டை மறைத்துவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அப்படியிருந்தும் ஒன்றை மற்றொன்று சீண்டாது என்று கண்டுபிடித்தவர் நிறுவனத்தை ஆரம்பித்த பெரியவர். அவர் சொன்ன காரணங்கள் நான்கு. செவ்வரி முட்டையிடுவது குளிர் முடிந்ததும், கருவரி மழை முடிந்ததும். செவ்வரி மேல்மட்டத் தண்ணீரில் ஜோடி சேரும், கருவரி அடிமட்டத்தில். செவ்வரி ஆண் வட்டமடித்து ஆடிப் பெண்ணை அழைக்கும், கருவரி ஆண் நெளிந்து ஆடும். ஒரு வகையின் ஆட்டம் மற்ற வகைப் பெண்ணுக்குப் பிடிபடாது. இத்தனையும் மீறி ஏதாவது ஏடாகூடமாக நடந்தாலும் முட்டை பொரிக்காது. இதற்கு நான்கு சுவர்க் கொள்கை என்று பெயர்.

கொள்கை மெல்ல மெல்லக் கட்டடத்துக்கும் பரவியது. முதல் மாடி செவ்வரித் துறை, இரண்டாம் மாடி கருவரித் துறை. இரண்டுக்கும் தனித்தனி மாடிப்படி, தனித்தனி டீ. ஒரு துறையின் ஸ்டேப்ளர் இன்னொரு துறைக்குப் போக வேண்டுமானால் இயக்குநர் கையெழுத்து வேண்டும்.

கட்டடத்தின் பின்பக்கம் சான்றுக் குளம். இரண்டு மீன்களையும் அதில் ஒன்றாக விட்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆண்டு விழா அன்று மேலிடத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து குளத்தைப் பார்த்து, ‘இந்த ஆண்டும் கலப்பு இல்லை’ என்ற சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் அடுத்த வருடம் நிறுவனம் உண்டு.

அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்கிறவரைக் குளத்துக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருட சர்வீஸ். காலையில் தீவனம் போடுவார், தண்ணீரின் சூட்டைப் பார்ப்பார், செத்து மிதக்கிறதை எடுப்பார். பிறகு பதிவேட்டில் ‘கலப்பு’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவார். அதிகம் பேசாத மனிதர். கொடுத்த வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் தூக்கம் வரும் என்று நம்புகிற ரகம்.

ஒருநாள் தீவனம் போடும்போது ஓரத்தில் குஞ்சு மீன்கள் கூட்டமாக வந்தன. கையால் அள்ளிப் பார்த்தார். விலாவில் ஒரு சிவப்புக் கோடு, அதன் கீழேயே ஒரு கறுப்புக் கோடு. இன்னொன்றை அள்ளினார். அதிலும் இரண்டு கோடு. பத்தாவது மீனை அள்ளும்போது அவருக்கு முதுகு வேர்த்துவிட்டது. ஏதோ தானே தப்புச் செய்து மாட்டிக்கொண்டது மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

நேராக மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னார்.

“சார், குளத்துல கலப்பு நடந்திருக்கு. ரெண்டு கோடு போட்ட குஞ்சுங்க நிறைய இருக்கு.”

மேற்பார்வையாளர் எழுந்து கதவைச் சாத்தினார். “யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல சார்.”

“நல்லது. உங்களுக்கு வயசு என்ன ஆகுது?”

“அம்பத்தி மூணு.”

“அதான். நாற்பதுக்கு மேல ஒண்ணு ரெண்டாத் தெரியறது சகஜம். கண் டாக்டரைப் பார்த்துட்டு வாங்க.”

கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரிக்குக் கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. குளத்துக்காரர் அதையும் சேர்த்துப் படித்தார். டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “எனக்கே அது இன்னைக்குத்தான் தெரியும்” என்று சொல்லிச் சான்று எழுதிக் கொடுத்தார்.

சான்றைப் பார்த்த மேற்பார்வையாளருக்கு முகம் தொங்கிப்போனது. “கண்ணு நல்லாயிருக்குன்னா அப்போ பிரச்சனை பெரிசு” என்றார்.

மீன்களை ஒரு கண்ணாடி ஜாடியில் எடுத்துக்கொண்டு முதல் மாடிக்குப் போகச் சொன்னார். செவ்வரித் துறைத் தலைவர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிவப்புக் கோட்டைப் பார்க்கவே இல்லை.

“இது கருவரி. ஏதோ சொறி பிடிச்சிருக்கு. மேல கொண்டு போங்க.”

“சார், சிவப்புக் கோடும் இருக்குதே?”

“இங்க பாருங்க, நான் இருபத்தாறு வருஷமா செவ்வரியோட இருக்கேன். எங்க மீன் அப்படிப் பண்ணாது. வளர்ப்பு அப்படி.”

இரண்டாம் மாடிக்குப் போக அவர் திரும்பக் கீழே இறங்கி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, அடுத்த மாடிப்படியில் ஏற வேண்டியிருந்தது. கருவரித் துறைத் தலைவி ஜாடியைத் தொடக்கூட இல்லை.

“செவ்வரிதானே? அழுக்குத் தண்ணியில கிடந்து கறுப்பு ஒட்டியிருக்கு. கழுவிப் பார்த்தீங்களா?”

“மீனைக் கழுவறதா மேடம்?”

“கழுவாமயே எங்க மேல பழி போட வந்துட்டீங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இது கலப்புன்னு ஆச்சுன்னா ரெண்டும் ஒரே இனம்னு ஆகும். ஒரே இனம்னா ஒரே துறை. ஒரே துறைன்னா ஒரே தலைவர். அது நானா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா அவரா இருந்தா? அறிவியலை அவ்வளவு அலட்சியமா அணுகக் கூடாது.”

அன்று வீட்டில் குளத்துக்காரர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. ஒரு நாளைக்கு ஏழெட்டுக் குழந்தையைக் கையில் வாங்குகிறவள். எதற்கும் அசர மாட்டாள்.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“குஞ்சு பொறந்திருக்கா இல்லையா?”

“பொறந்திருக்கு.”

“அப்புறம் என்ன? எங்க வார்டுலயும் எத்தனையோ பொறக்குது. யார் ஜாடைன்னு சொந்தக்காரங்க அடிச்சுக்குவாங்க. நாங்க எடையைப் பார்த்து எழுதிட்டுப் போயிட்டே இருப்போம். ‘பொறக்கலை’ன்னு எழுத எங்க ரெஜிஸ்டர்ல கட்டமே கிடையாது.”

“எங்க ரெஜிஸ்டர்ல அந்தக் கட்டம் மட்டும்தான் இருக்கு” என்றார் அவர்.

விஷயம் கசிந்துவிட்டது. ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள். முதல் கூட்டத்தில் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். ‘கலப்பு விசாரணைக் குழு’ என்றால் கலப்பு நடந்ததாக அர்த்தமாகிவிடும் என்று, ‘கலப்பின்மை உறுதிப்பாட்டுக் குழு’ என்று முடிவானது. இரண்டாவது கூட்டத்தில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்று பேசினார்கள். மூன்றாவது கூட்டத்துக்குக் குளத்துக்காரரைக் கூப்பிட்டார்கள்.

நடுநாயகமாக இயக்குநர் உட்கார்ந்திருந்தார். “பயப்படாதீங்க. மனசுல உள்ளதைச் சொல்லுங்க. இது எப்படி நடந்திருக்கும்?”

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அவரிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்கிறார். குளத்துக்காரர் விரல்விட்டு எண்ணியபடி ஆரம்பித்தார்.

“சார், தண்ணி சூட்டைக் கூட்டிக் குறைக்கிற மெஷின் மூணு வருஷமா ஒரே இடத்துல மாட்டிக்கிச்சு. குளத்துல இப்ப எல்லா மாசமும் ஒரே சூடு. அதனால ரெண்டு மீனும் ஒரே சமயத்துல சினை பிடிக்குது.”

“சரி.”

“தூர் எடுக்கவும் இல்லை சார். எட்டடி ஆழம் இருந்தது, இப்ப மூணடி. மேல்தண்ணி, அடித்தண்ணின்னு பிரிக்க அங்க என்ன இருக்கு? அப்புறம் வடிகட்டி ஓடலை. தண்ணி டிகாக்ஷன் மாதிரி இருக்கு. எதிர்ல ஆடறவன் சிவப்பா கறுப்பான்னு அந்தப் பொண்ணு மீனுக்கு எப்படித் தெரியும்? வட்டமா ஆடறானா, நெளியறானான்னே தெரியாது. நான் இருபத்திரண்டு கடிதம் எழுதியிருக்கேன் சார், வடிகட்டிக்கு.”

ஓரத்தில் இருந்த ஓர் உறுப்பினர், “நாலாவது சுவர் இருக்கே? முட்டை பொரிக்கக் கூடாதே? அதைப் பெரியவர் சோதிச்சாரா இல்லையா?” என்று கேட்டார். கோப்பைத் தேடி எடுத்துவந்தார்கள். பெரியவர் கைப்பட எழுதியிருந்தார்: ‘முதல் மூன்று சுவர்களும் உறுதியாக இருப்பதால் நான்காவதைச் சோதிப்பது வீண் வேலை.’

இயக்குநர் கோப்பை மூடினார்.

“ஒரே ஒரு கேள்வி. ரெண்டும் கூடினதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?”

“தண்ணி கலங்கியிருக்கும்போது எப்படி சார் பார்க்கறது?”

“பார்த்தீங்களா, இல்லையா?”

“இல்ல சார்.”

“எழுதிக்கங்க” என்றார் இயக்குநர். குறிப்பில் ஒரே ஒரு வரி ஏறியது: ‘கலப்பு எதையும் தாம் பார்த்ததில்லை எனக் குளப் பராமரிப்பாளர் ஒப்புக்கொண்டார்.’

பிறகு இயக்குநர் எழுந்து நின்று பேசினார். “நண்பர்களே, இயற்கைக்குச் சில கடமைகள் உண்டு. நாம முப்பத்தொரு வருஷமா இயற்கைக்கு ஒத்துழைப்புக் கொடுத்துட்டு வர்றோம். இயற்கையும் நமக்குக் கொடுக்கணும். கொடுக்கலைன்னா அது இயற்கையோட ஒழுங்கீனம். நம்மோடதில்லை.” எல்லோரும் கை தட்டினார்கள். குளத்துக்காரரும் தட்டினார். தட்டாமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆண்டு விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. ‘குளத்தில் காணப்படும் வகைப்படுத்தப்படாத பொருள்களை அகற்றவும்.’

“பொருள்னா மீன்தானே சார்?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார்.

“நான் அப்படிச் சொல்லலை.”

“அகற்றி எங்க விடறது? பின்னால கால்வாய் இருக்கு.”

“கால்வாய்ல விட்டா வெளிய போயிடும். வெளிய போனா ஊருக்குத் தெரியும். பின்னால குழி வெட்டியாச்சு. சுண்ணாம்பு மூட்டையும் வந்துடுச்சு.” மேற்பார்வையாளர் சற்றுத் தயங்கினார். “எனக்கும் பொண்ணு காலேஜ்ல படிக்குதுய்யா” என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க முடியாதபடி அவர் குரல் இருந்தது.

குளத்துக்காரர் மீன்களை அள்ளி எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒற்றைச் சிவப்பு பத்தொன்பது. ஒற்றைக் கறுப்பு பன்னிரண்டு. இரட்டைக் கோடு நானூற்று ஆறு. அதாவது குளம் முழுக்க அதுதான். அவர் மேலே போய்க் கணக்கைச் சொன்னார். அகற்றினால் குளம் காலியாகிவிடும் என்றார். “காலியா இருந்தா கலப்பு எப்படி இருக்கும்?” என்று பதில் வந்தது.

இரண்டு நாள் ஆயிற்று. வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கொட்டினார். சுண்ணாம்பின் மேல் அவை துள்ளும் சத்தம் நெருப்பில் பச்சை இலை போட்டால் படபடக்குமே, அது போல இருந்தது. முதல் நாள் அவர் திரும்பி நின்றுகொண்டார். இரண்டாம் நாள் திரும்பி நிற்பதில் அர்த்தமில்லை என்று பார்த்துக்கொண்டே கொட்டினார். எல்லாம் அவர் கையில் தீவனம் வாங்கித் தின்றவை. வாளி நிழல் விழுந்தாலே ஓடிவருகிறவை. வலை போடவே தேவையிருக்கவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கடைசி வாளியில் ஆறு மிச்சமிருந்தன. அவர் யோசித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது. டிபன் கேரியரின் அடித்தட்டைக் கழுவி, குளத்துத் தண்ணீர் ஊற்றி, ஆறையும் அதில் விட்டு மூடினார். வீட்டில் துணி ஊறவைக்கும் சிமெண்ட் தொட்டி ஒன்று சும்மாதான் கிடந்தது.

வாசலில் காவலாளி பையைச் சோதிப்பது வழக்கம். வழக்கமாகக் குளத்துக்காரருடைய பையைத் தொடமாட்டார். அன்று விழா நெருக்கம் என்பதால் எல்லோருடைய பையையும் திறக்க உத்தரவு. கேரியரைத் திறந்தவர் குனிந்து பார்த்தார்.

“என்னண்ணே, இன்னைக்குச் சாப்பாடு நீந்துது?”

குளத்துக்காரர் மூடியை எடுத்து மறுபடி மூடப் போனார்.

காவலாளி நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடமும் ஒரு பதிவேடு இருந்தது. “பொருளோட பேர்னு போட்டிருக்கு. செவ்வரி, கருவரின்னு ரெண்டே கட்டம். எதுல டிக் பண்ணட்டும்?”

“ரெண்டும் இல்லப்பா.”

“ரெண்டும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். ஒண்ணும் இல்லாததை எப்படிண்ணே நீங்க எடுத்துட்டுப் போக முடியும்? குழப்பமா இருக்கு. இருங்க, உள்ள கேட்டுட்டு வந்துடறேன்.”

உள்ளே கேட்டதுதான் வினை. பத்து நிமிடத்தில் குளத்துக்காரர் இயக்குநர் அறையில் இருந்தார். மேஜைமேல் டிபன் கேரியர். அதற்குள் ஆறு மீன்களும் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

இயக்குநர் கோபப்படவே இல்லை. உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

“இதுங்க கலப்பு மீன்னு நீங்க சொன்னா, நிறுவனத்துல இல்லாத ஒண்ணு இருக்குன்னு நீங்க சொல்றதா ஆகும். அது அவதூறு. வேலை போயிடும். பென்ஷனும் போயிடும்.”

“சார்…”

“முழுசாக் கேளுங்க. இது மூணு செவ்வரி, மூணு கருவரின்னு சொன்னீங்கன்னா, வெறும் திருட்டு. சின்ன விஷயம். ஒரு மெமோ கொடுத்துட்டு மறந்துடலாம். திருட்டுக்கு நம்மகிட்ட ஃபாரம் இருக்கு. மத்ததுக்கு இல்லை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“நான் திருடலை சார். சாகாம இருக்கட்டும்னு…”

“சாகாம இருக்கறது எது? இல்லாதது எப்படிச் சாகும்?”

பென்ஷனுக்குக் குளத்துக்காரருக்கு இன்னும் இரண்டு வருட சர்வீஸ் பாக்கி. அவர் ஃபாரத்தை வாங்கினார். இயக்குநர் சொல்லச் சொல்ல எழுதினார்: ‘நான் எடுத்துச் சென்றவை தூய செவ்வரி மூன்று, தூய கருவரி மூன்று. பதினெட்டு ஆண்டு அனுபவத்தில் இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.’ கையெழுத்துப் போட்டார். எழுத்து வழக்கம்போலக் குண்டுகுண்டாக விழுந்தது. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

விழா நாளன்று மேலிடத்து ஆய்வாளர் வந்தார். குளத்தருகே நின்று ஒரு நிமிடம் பார்த்தார். தண்ணீர் பழுப்பாகக் கலங்கிக் கிடந்தது. உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

“பிரமாதம். ஒண்ணுகூடத் தப்பாத் தெரியலை” என்றார்.

நானூறும் உள்ளே இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். குளத்துக்காரர் குளத்தின் மறுகரையில் மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேடையில் இயக்குநர் அந்த வாக்குமூலத்தைப் படித்தார். பெயரைச் சொல்லவில்லை. “கடைநிலை ஊழியர் ஒருவர் ஆறு மீன்களைத் திருடும் அளவுக்கு இங்கே மீன்பற்று இருக்கிறது. அதைவிட முக்கியம், அவர் திருடியபோதும் வகை மாறாமல், எண்ணிக்கை பிசகாமல், மூன்றும் மூன்றுமாகத் திருடியிருக்கிறார். திருட்டிலேகூடக் கலப்பு இல்லை!” கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. சான்றிதழில் கையெழுத்து விழுந்தது.

மறுநாள் இன்னோர் உத்தரவு வந்தது. ‘மீட்கப்பட்ட மீன்களை அந்தந்தத் துறையின் மூலத் தொட்டியில் சேர்க்கவும்.’

மூலத் தொட்டி என்பது ஒவ்வொரு துறைத் தலைவர் அறையிலும் இருக்கிற பெரிய கண்ணாடித் தொட்டி. பெரியவர் ஆற்றிலிருந்து பிடித்துவந்த மீன்களின் வம்சம் அதில் வேறெதோடும் சேராமல் வளர்ந்துவந்தது, ஒவ்வொன்றிலும் அறுபது. இப்போது அந்த ஆற்றில் தண்ணீரே இல்லை. குளத்தில் மிஞ்சிய முப்பத்தொன்றில் எது கலந்தது என்று யாருக்கும் தெரியாது. நிச்சயமாகக் கலப்படம் இல்லாத செவ்வரியும் கருவரியும் உலகத்தில் மிச்சமிருந்தது அந்த இரண்டு அறைகளில்தான்.

குளத்துக்காரர் இயக்குநர் அறைக்கு ஓடினார். பதினெட்டு வருடத்தில் யாரும் கூப்பிடாமல் அவர் அங்கே போனது அதுதான் முதல்முறை.

“சார், அந்தத் தொட்டியில மட்டும் வேண்டாம். இது ரெட்டைக் கோடு மீன். கலந்ததுன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். உள்ள விட்டா நாலஞ்சு வருஷத்துல அந்த வம்சமே போயிடும். குழியில போடச் சொன்னாக்கூடப் போட்டுடறேன்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார்.

இயக்குநர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். “தூயதுன்னு எழுதி மேலிடம் வரைக்கும் போயாச்சு. தூய மீனைக் குழியில போடறது குற்றம். வேற இடத்துல விட்டாக் கணக்கு உதைக்கும். கையெழுத்து யாரோடது?”

“என்னோடதுதான் சார்.”

“அப்போ யாரைக் குறை சொல்றீங்க?”

முதல் மாடியில் மூன்றை விட்டார். எந்த மூன்று என்று யாரும் கேட்கவில்லை. கைக்கு வந்ததை விட்டார். “கிட்ட வந்து ஒரு தடவை பாருங்க சார்” என்று கெஞ்சினார். செவ்வரித் துறைத் தலைவர் நிமிராமலே, “மூணுதானே? எண்ணிட்டேன்” என்று ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

கீழே இறங்கி, சுற்றிக்கொண்டு, இரண்டாம் மாடி ஏறினார். இரண்டை விட்டாயிற்று. கடைசி மீன் கைவலையில் இருந்தது. அவர் அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் போதும். ஒன்றாவது உள்ளே போகாது. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. சிவப்பும் கறுப்புமாக விலா ஏறி இறங்கியது. நானூறு மீனைக் கொட்டிய கைதான். அந்த ஒரு மீனுக்கு அது பொறுக்கவில்லை. வலை தானாகவே தண்ணீரில் இறங்கியது.

மீன் கூட்டத்தோடு போய்விட்டது. அது எங்கே போகிறது என்று பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கருவரித் துறைத் தலைவி ரசீதை நீட்டி, எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.